வெயிலுக்கு மசியாத ஆறு

கிணறு கேட்ட கேள்வி

மார்கழி விடியலில் கிணற்றடிக்குப் போய் முதல் வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களுக்கு அந்த வியப்பு மறக்காது. காற்று சில்லென்று கடிக்கிறது. தண்ணீரோ யாரோ விளாவி வைத்ததுபோல வெதுவெதுப்பாக இருக்கிறது. அதே கிணறு சித்திரை நடுப்பகலில் உடம்பு சிலிர்க்கும்படி குளிர்கிறது. "கிணத்துத் தண்ணிக்குத் தெரியும், எப்போ சுடணும் எப்போ குளிரணும்னு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

தண்ணீருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் குட்டு உடைந்துவிடும். சென்னைப் பக்கத்துக் கிணறு சற்று ஆழமானதாக இருந்தால், மார்கழியிலும் சித்திரையிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும்: 28 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஏதோ ஒன்று. மாறியது காற்று. விடியற்காலைக் காற்று 21 டிகிரியில் இருக்கும்போது 28 நமக்கு வெந்நீர். மதியக் காற்று 38-ஐத் தொடும்போது அதே 28 இளநீர். நம் தோல் வெப்பமானி அல்ல. அதற்குத் தெரிந்ததெல்லாம் வித்தியாசம் மட்டும்தான்.

ஒரு கிணறு இப்படி நடந்துகொண்டால் ரசிக்கலாம். ஒரு முழு ஆறே இப்படி நடந்துகொண்டால், அதில் படகோட்டப் போகிறவர் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். இந்த அத்தியாயத்தில் அப்படிப்பட்ட ஓர் ஆற்றில் ஒரு பகல் பயணத்துக்குத் திட்டமிடப் போகிறோம். கையில் துடுப்பு, உயிர்காப்பு உடை, சோற்று மூட்டை. கூடவே அந்த வெப்பமானியையும் கயிற்றோடு எடுத்துக்கொள்வோம்.

மண்ணுக்குள் பருவம் இல்லை

முதலில் கிணற்றை முடித்துவிடுவோம். வெயில் தரையைச் சுடுகிறது. அந்தச் சூடு மண்ணுக்குள் இறங்குகிறது, ஆனால் மிக மெதுவாக. இறங்கி முடிப்பதற்குள் பருவம் மாறி, மேலிருந்து குளிர் துரத்திக்கொண்டு வந்துவிடுகிறது. சூடும் குளிரும் மாறி மாறி இறங்கி, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சாதாரண மண்ணில் 3 மீட்டர் ஆழத்துக்குப் போனால், மேலே நடக்கும் ஏற்ற இறக்கத்தில் கால் பங்குதான் மிஞ்சுகிறது. அதுவும் இரண்டரை மாதம் தாமதமாக. 10, 15 மீட்டருக்குக் கீழே கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை மட்டுமே அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

இதை யாரும் சந்தேகப்பட முடியாதபடி காட்டியது பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறை. தரைக்கு 28 மீட்டர் கீழே இருந்த அந்த அறையில் 1783-ல் வேதியியலாளர் லவாய்சியே ஒரு நுட்பமான வெப்பமானியை வைத்தார். மேலே பனி கொட்டினாலும் வெயில் காய்ந்தாலும் அது 11.8 டிகிரியை ஒட்டியே நின்றது. மேலே பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோதும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். லவாய்சியே அந்தப் புரட்சியில் தலையை இழந்தார்.

ஆக, நிலத்தடி நீரின் வெப்பநிலை என்பது அந்த ஊர் வானிலையின் ஆண்டுக் கணக்கு முடிவு. சென்னையில் அந்த முடிவு 28-க்குப் பக்கம். ஊட்டியில் 14-க்குப் பக்கம். நாம் போகப்போகும் இடத்திலும் அதே 14தான். ஆனால் ஊட்டிக்கும் அந்த இடத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஊட்டியில் வெயில் காலமே பேருக்குத்தான். நாம் போகும் இடத்திலோ ஜூலை மதியம் 32, 33 டிகிரிக்குக் காய்கிறது. ஜனவரி இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகின்றன.

ஓடும் ஆறு

அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசௌரி மாநிலத்தின் தெற்கில், ஓசார்க் என்றொரு காட்டு மலைப்பகுதி இருக்கிறது. மலை என்றால் இமயமலையைக் கற்பனை செய்ய வேண்டாம். ஓக் மரங்கள் அடர்ந்த குன்றுகள். அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுகிறது கரென்ட் ஆறு. கரென்ட் என்றதும் நமக்கு மின்வெட்டு நினைவுக்கு வரும். அந்தப் பெயரை வைத்தவர்கள் அங்கே வேட்டையாடித் திரிந்த பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் மொழியில் அதன் பொருள் 'ஓடும் ஆறு'. ஆற்றுக்கு 'ஓடும் ஆறு' என்று பெயர் வைப்பது கற்பனை வறட்சி என்று நினைத்திருந்தேன். மற்ற ஆறுகள் வறண்டு கிடக்கும் கோடையிலும் இது ஓடுகிறது என்று தெரிந்தபிறகு, பெயர் வைத்தவர் கவனித்துத்தான் வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

அந்த ஓசார்க் குன்றுகள் டோலமைட் என்ற பாறையால் ஆனவை. சுண்ணாம்புக்கல்லின் நெருங்கிய உறவு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, சோடா போல லேசாகப் புளித்து, பாறையின் விரிசல்களில் இறங்குகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளில் விரிசல் குழாயாகிறது, குழாய் குகையாகிறது. குகையின் கூரை சரிந்த இடத்தில் நிலம் உள்வாங்கிப் பள்ளமாகிறது. விழுகிற மழையையெல்லாம் குடிப்பதால் அதை விழுங்குபள்ளம் என்று அழைப்போம். இப்படிப் பாறையே கரைந்து பொந்தாகிப்போன நிலத்தில் மழை தரைமேல் ஓடுவது குறைவு. அது உள்ளே போய், நாட்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இருட்டில் அலைந்து, வேறெங்கோ ஊற்றாக வெளியே வருகிறது. ஓரிடத்தில் சாயம் கரைத்துவிட்டு, எந்த ஊற்றில் நிறம் தெரிகிறது என்று பார்க்கும் சோதனைகளில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளிக் கரைத்த சாயம் வான் பியூரன் ஊருக்கு அருகிலுள்ள 'பெரிய ஊற்று' என்ற இடத்தில் வெளிவந்தது. அந்த ஊற்று ஒன்றே நாளொன்றுக்குச் சராசரியாக 100 கோடி லிட்டருக்கு மேல் கக்குகிறது.

இப்படிப்பட்ட ஊற்றுகளின் கூட்டு வரவுதான் கரென்ட் ஆறு. இதையும் இதன் துணை ஆறான ஜாக்ஸ் ஃபோர்க்கையும் காக்க 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஓர் ஆற்றைக் காப்பதற்கென்றே அந்த நாட்டில் உருவான முதல் தேசியப் பூங்கா அமைப்பு அது. சுமார் 215 கிலோமீட்டர் நீர்வழி அதற்குள் அடங்குகிறது.

ஒரு நாள், 16 கிலோமீட்டர்

நம் திட்டத்துக்கு ஏக்கர்ஸ் படகுத்துறையிலிருந்து புல்டைட் படகுத்துறை வரையிலான நீட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள். மிசௌரியின் மாநில மரமான டாக்வுட் கரையெங்கும் வெள்ளையாகப் பூத்திருக்கும். இரண்டு பேர், ஒரு கேனோ. கேனோ என்பது இருமுனையும் கூர்ந்த, மேலே திறந்த நீளப் படகு.

ஆற்றோடு போகும் பயணத்தில் முதல் சிக்கல் திரும்பி வருவது. ஒகேனக்கல் பரிசல்காரர்கள் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து மீட்டர் கேனோவைத் தலையில் வைத்து 16 கிலோமீட்டர் நடப்பதை யாரும் விரும்புவதில்லை. அதனால் வழக்கம் இதுதான்: நம் காரை முதலில் முடிவிடமான புல்டைட்டில் நிறுத்திவிட வேண்டும். படகு வாடகைக்காரரின் வண்டி நம்மையும் படகையும் ஏக்கர்ஸில் கொண்டுபோய் இறக்கும். தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. காரைத் தொடக்கத்தில் விட்டுவிட்டு, முடிவில் வண்டிக்குக் காத்திருப்பார்கள். அது தப்பு என்பதல்ல. ஆனால் 'நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்' என்ற நினைப்பு தலைக்குள் இருந்தால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க மாட்டோம். நனைந்து நடுங்கிக்கொண்டு முடிவிடத்துக்கு வந்தால், வரப்போகும் வண்டியைவிட நிற்கும் கார் மேல்.

எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கு நமக்குப் பழக்கமான ஓர் அளவு கைகொடுக்கும். மேட்டூருக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் செய்தி படிக்கிறோமே, அமெரிக்காவிலும் ஆற்றை அளப்பது அதே கன அடியில்தான். அங்கே புவியியல் ஆய்வுத் துறை ஆங்காங்கே அளவுமானிகளை நட்டுவைத்து, அந்த நேரத்து நீர்மட்டத்தை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது.

நம் பயண நாளில் ஏக்கர்ஸ் அருகே விநாடிக்கு 400 கன அடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். ஆக 11,300 லிட்டர், அதாவது 11.3 கன மீட்டர். ஆறு அங்கே 20 மீட்டர் அகலம், சராசரியாக 60 சென்டிமீட்டர் ஆழம் என்று கொண்டால், குறுக்குவெட்டுப் பரப்பு 12 சதுர மீட்டர். 11.3 கன மீட்டர் தண்ணீர் 12 சதுர மீட்டர் வாசல் வழியே ஒரு விநாடியில் போக வேண்டுமென்றால், அது விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர வேண்டும். மணிக்கு 3.4 கிலோமீட்டர். நிதானமாக நடக்கும் வேகம். துடுப்பே போடாமல் மிதந்தால் 16 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோம்பலாகத் துடுப்புப் போட்டாலும் இன்னொரு இரண்டு கிலோமீட்டர் வேகம் சேரும். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கும் வேடிக்கைக்கும், தரைதட்டி இறங்கித் தள்ளுவதற்கும் இரண்டரை மணி நேரம். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டால் மூன்று மணிக்கு முடிவிடம். குன்றுகளுக்கிடையே வெயில் சீக்கிரம் விழுந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கை மாலைக்குள் தள்ளாமல் இருப்பது நல்லது.

ஏப்ரல் காலையில் படகை இறக்கும்போது ஆற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கலாம். காற்று 8 டிகிரி, தண்ணீர் 14. வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் எழுவதுபோல, நீரிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த காற்றில் பட்டு மூட்டமாகிறது. ஜூலையிலும் காலை மூட்டம் உண்டு. ஆனால் காரணம் நேர் எதிர். ஈரம் தோய்ந்த சூடான காற்று குளிர்ந்த ஆற்றின்மேல் படிந்து, குளிர்நீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல மூட்டமாகிறது. ஒரே ஆறு, பார்க்க ஒரே புகை.

ஊற்று கலக்கும் கணக்கு

'கோடையிலாவது இந்த ஆறு சூடாகாதா?' என்று கேட்கலாம். ஏப்ரலை விட்டுவிட்டு ஒரு கணம் ஜூலைக்குப் போவோம்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பின்மேல் சுமார் 800 வாட் ஆற்றல் விழுகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவுதான். அந்தச் சதுர மீட்டருக்குக் கீழே 60 சென்டிமீட்டர் ஆழத்தில் 600 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. 600 லிட்டரை ஓர் இஸ்திரிப் பெட்டியால் சூடாக்க முயன்றால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் விடாமல் காய்ந்தால் ஒரு டிகிரிக்குச் சற்றுமேல் ஏறும். இதில் மரநிழல் பாதியைத் தின்றுவிடுகிறது; ஆவியாகும் நீரும் தன் பங்குக்கு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஐந்து மணி நேரம் மிதந்தாலும் இரண்டு, மூன்று டிகிரிதான் மிச்சம்.

அதற்குள் அடுத்த ஊற்று வந்துவிடுகிறது. ஏக்கர்ஸுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் மேலே வெல்ச் ஊற்று. அது கலக்கும் இடத்தில் ஆறு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. மேலேயிருந்து வரும் ஆறு வெயிலில் காய்ந்து 20 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊற்று 14-ல் அதே அளவு நீரைக் கொட்டுகிறது. சம பங்கு சூடும் சம பங்கு குளிரும் சேர்ந்தால் நடுவில் நிற்கும்: 17. பல மணி நேரம் வெயில் பாடுபட்டுச் சேர்த்த மூன்று டிகிரியை ஊற்று சில நூறு அடிகளில் பறித்துக்கொள்கிறது. நம் நீட்டத்தின் நடுவே குகை ஊற்று, முடிவில் புல்டைட் ஊற்று. வெயில் கடன் கொடுக்க, ஊற்றுகள் அசலோடு தள்ளுபடி செய்துகொண்டே வருகின்றன.

வெல்ச் ஊற்றின் குளிர் ஒரு காலத்தில் மருந்தாகவும் விற்கப்பட்டது. 1913-ல் ஒரு மருத்துவர் அந்த இடத்தை வாங்கி, ஊற்றுக்கு அருகிலுள்ள குகை வாயை மூடிக் கல் கட்டடம் எழுப்பினார். உள்ளேயிருந்து வரும் தூசியற்ற குளிர்ந்த காற்று ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பது அவர் நம்பிக்கை. நோயாளிகள் அந்த மலைக்காட்டுப் பாதையில் வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது. கட்டடத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

குளிர்நீரால் பலன் பெறும் உண்மையான நோயாளி வேறு ஒருவர்: ஹெல்பெண்டர். ஒரு முழத்துக்கு மேல் வளரும், சுருக்கம் விழுந்த தோலுடைய நீர்ப்பல்லி போன்ற சாலமாண்டர். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வளர்ந்தபின் அதற்கு நுரையீரல் பெயரளவுக்குத்தான். தோல் மடிப்புகள் வழியே நீரிலிருந்தே ஆக்சிஜனை எடுக்கிறது. 14 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். நம் 28 டிகிரிக் கிணற்று நீரால் 8-ஐக்கூடத் தொட முடியாது. ஆறு சூடானால் ஹெல்பெண்டருக்கு மூச்சு முட்டும். ஓசார்க் வகை ஹெல்பெண்டர் 2011-ல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆற்றில் கல்லைப் புரட்டி அடுக்கி விளையாடக் கூடாது என்று சொல்வது அதன் வீட்டுக் கூரையைப் பிரிக்காதீர்கள் என்பதற்காகத்தான்.

முதல் நிமிடம்

இப்போது ஏப்ரலுக்குத் திரும்புவோம். மதியம் 24 டிகிரி. வானம் நீலம். எல்லோரும் டி-ஷர்ட்டில் இருக்கிறார்கள். ஆற்று வளைவில் ஒரு மரம் சாய்ந்து கிடக்கிறது. படகு அதன்மேல் பக்கவாட்டாகச் சாய்ந்து கவிழ்கிறது. நீந்தத் தெரிந்தவர்தான். ஆனால் 14 டிகிரியில் தலையோடு முழுகியவுடன் முதலில் நடப்பது நீச்சல் அல்ல. ஒரு பெரிய மூச்சிழுப்பு.

இதற்குக் குளிரதிர்ச்சி என்று பெயர் வைப்போம். தோலிலுள்ள குளிருணரும் நரம்பு முனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூக்குரலிட, நம் அனுமதியின்றி நுரையீரல் காற்றை உள்ளிழுக்கிறது. முகம் அப்போது நீருக்குள் இருந்தால் இழுக்கப்படுவது காற்றாக இருக்காது. தொடர்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு. இதயம் தறிகெட்டு ஓடுகிறது. முதல் அரை நிமிடம்தான் உச்சம். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். பனிக்கட்டி நீரில்தான் இது நடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக ஆய்வுசெய்து சொல்வது வேறு: 10 முதல் 15 டிகிரிக்குள்ளேயே மூச்சு முழு அளவில் தறிகெட்டுவிடுகிறது. நம் ஆறு சரியாக அந்த எல்லைக்குள் இருக்கிறது.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தன்னைத்தானே பலமுறை பனிநீரில் இறக்கிப் பார்த்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. மூச்சை வசப்படுத்த ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். நினைவு தப்ப ஒரு மணி நேரம். அது உறைநிலையை ஒட்டிய நீருக்கான கணக்கு. 14 டிகிரியில் கடைசி இரண்டும் தாராளமாக நீளும். ஆனால் வரிசை மாறாது. குளிர்நீரில் விழுந்தவர்கள் விறைத்துச் சாவதாகத்தான் நாம் கற்பனை செய்கிறோம். பலருக்கு விறைக்க அவகாசமே கிடைப்பதில்லை.

ஆகவே உயிர்காப்பு உடையின் வேலை நீந்தத் தெரியாதவரை மிதக்கவைப்பது மட்டும் அல்ல. நீந்தத் தெரிந்தவரை, நீந்த முடியாத அந்த இரண்டு நிமிடம் மூக்கு நீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிப் பிடிப்பது. படகில் கழற்றி வைத்திருந்தால், கவிழ்ந்தபின் அதைத் துரத்திப் பிடித்து மாட்டுவது நடவாத காரியம். மாட்டி, கொக்கிகளைப் பூட்டியிருக்க வேண்டும். விழுந்தவுடன் செய்ய வேண்டியதும் ஒன்றே: நீந்தாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு திரும்பும்வரை பொறுப்பது.

உடம்பைப் பழக்கவும் முடியும். சில நிமிடங்கள் குளிர்நீரில் இறங்குவதை ஐந்தாறு முறை செய்தவர்களுக்கு இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது; அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஜூலையில் கரென்ட் ஆற்றில் குழந்தைகள் கும்மாளம் போடுவது இதனோடு முரண்படவில்லை. அவர்கள் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று அங்குலம் அங்குலமாக இறங்குகிறார்கள். கவிழும் படகு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

சட்டையும் சல்லடை மரமும்

என்ன உடுத்துவது? அமெரிக்கப் படகோட்டிகளிடம் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. காற்றின் வெப்பநிலையையும் நீரின் வெப்பநிலையையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டு. 120-க்குக் கீழே வந்தால் குளிர்காப்பு உடை போட்டுக்கொள். நம் நாளுக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று 24 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 75. தண்ணீர் 57. கூட்டினால் 132. சூத்திரம் 'சட்டையோடு போகலாம்' என்கிறது. ஆனால் நீருக்குள் விழுந்தபின் காற்றின் 75 நமக்கு எதற்கு? தண்ணீர் நம் உடல் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாகக் கடத்துகிறது. அங்கே இருப்பது 57 மட்டும்தான். இரண்டு எண்களைக் கூட்டி ஆபத்தை மறைக்கும் இந்தச் சூத்திரத்தை நான் நம்பமாட்டேன். வானத்துக்கு அல்ல, தண்ணீருக்கு உடுத்த வேண்டும். ஏப்ரலில் அது வெட்சூட். அதாவது உடம்புக்கும் தனக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலத்தைச் சிறைபிடித்துச் சூடாக வைத்துக்கொள்ளும் ரப்பர் உடுப்பு. மதிய வெயிலில் புழுங்கும். புழுங்கினால் கையளவு ஆற்று நீரை அள்ளித் தலையில் விட்டுக்கொள்ளலாம். நடுக்கத்துக்கு அப்படி உடனடி மருந்து இல்லை.

பருத்தி வேண்டாம். நமக்கு இது சொல்லவே வாய் வராத வாக்கியம். நம் ஊர் வெயிலில் பருத்தி உயிர்த்தோழன். காரணம், அது வியர்வையைக் குடித்து ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தத்துவம். குளிர்நாட்டில் அதே குணம் பகையாகிறது. நனைந்த சட்டை 300 மில்லி நீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்போம். அது உலரத் தேவைப்படும் வெப்பம் முழுவதும் உடம்பிலிருந்தே போவதானால், 70 கிலோ மனிதரை மூன்று டிகிரி குளிர்விக்க அது போதும். வெயிலும் உடம்பின் சொந்த உலையும் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்தான். ஆனால் மேகம் மூடி, காற்று வீசும் மாலையில் ஈடு குறையும். செயற்கை இழை அவ்வளவு நீரைக் குடிப்பதில்லை; கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

அந்தச் சாய்ந்த மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையிலிருந்து ஆற்றுக்குள் விழுந்து, கிளைகளுக்கிடையே தண்ணீரை மட்டும் போகவிட்டு மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் மரம். சல்லடை மரம் எனலாம். நீரோட்டம் வளைவின் வெளிப்பக்கத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் மரங்கள் விழுவது அங்கேதான். வேகமான நீர் படகை இழுத்துச் செல்வதும் அங்கேதான். நம் 400 கன அடி நாளில், படகின் பக்கத்தில் அரைச் சதுர மீட்டர் நீரோட்டத்துக்குக் காட்டினால், ஓர் அரிசி மூட்டை, 25 கிலோ, சாய்ந்ததுபோல விசை விழும். சமாளிக்கலாம். மழை பெய்து நீரின் வேகம் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. நான்கு மூட்டை. ஆகவே வளைவுக்கு முன்பே உள்பக்கக் கரையைப் பிடித்துவிட வேண்டும்.

ஊற்று நீர் கண்ணாடி போலத் தெளிந்தது. ஆறு பழுப்பாக இருந்தால் அது தரைமேல் ஓடிவந்த மழைநீர், அளவுமானியும் ஏறிக்கொண்டிருக்கும். அன்று கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதே பயணம். 2017 ஏப்ரல் கடைசியில் இதே ஆறு வான் பியூரனில் 37 அடிக்கு எழுந்தது. அதற்கு முந்தைய உச்சம் 1904-ன் 29 அடி.

குகைக்குள் வெப்பமானி

மூட்டை கட்டும் வேலை பெரிதில்லை. குடிநீர், சாப்பாடு, மாற்றுத் துணி, தீப்பெட்டி. எல்லாம் நீர்புகாப் பையில், பை படகோடு கட்டப்பட்டு. கண்ணாடி பாட்டிலுக்கு அந்த ஆற்றில் அனுமதி இல்லை. குப்பைக்கு வலைப்பை கட்டாயம்.

ஏக்கர்ஸிலிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் கரையோரப் பாறையில் ஒரு குகை வாய் நேராக ஆற்றுக்குத் திறந்திருக்கிறது. படகோடு உள்ளே போகலாம். சில துடுப்பு வீச்சுக்குள் வெளிச்சம் மங்கி, பேச்சு எதிரொலிக்கும். உள்ளே படகுக்குக் கீழே 30 மீட்டருக்கும் மேல் ஆழம். இந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பக்கத்து மலையிலுள்ள 'பேய்க் கிணறு' என்ற விழுங்குபள்ளத்திலிருந்து வருகிறது. அங்கே குகையின் கூரை உடைந்து, கீழே இருட்டில் ஓர் ஏரியே தெரிகிறது. நாம் தொடங்கிய கிணறு, கொஞ்சம் பெரிய அளவில்.

இங்கே வெப்பமானியை இறக்க வேண்டும். வெளியே ஆற்றில் 15 காட்டியிருந்தால் இங்கே 14-க்கு இறங்கும். ஜூலையில் வந்தால் வெளியே 18, உள்ளே 14. ஜனவரியில், கரைப்பாறையில் பனிக்கூர்கள் தொங்கும்போது வந்தால், வெளியே 7, 8. உள்ளே அதே 14. கையை விட்டுப் பார்த்தால் அன்று அது வெந்நீர்.

மீதி எட்டு கிலோமீட்டர். பிற்பகலில் தலைமேல் வெயில், முழங்காலுக்குக் கீழே ஓடும் குளிர். புல்டைட்டுக்கு அந்தப் பெயர் வந்தது, செங்குத்தான மலைப்பாதையில் மாவு மில்லுக்கு வண்டி இழுத்த மாடுகளும் குதிரைகளும் கயிறு விறைக்க இழுக்க வேண்டியிருந்ததால் என்கிறார்கள். நாம் இழுக்க வேண்டியது படகை மட்டும், கரைவரைக்கும். நனைந்த உடுப்பை உடனே மாற்ற வேண்டும். கார் இருபதடி தூரத்தில் நிற்கிறது, உள்ளே கம்பளிச் சட்டையும் ஃபிளாஸ்கில் காப்பியும். காலையில் படகுக்காரரின் வண்டியில் ஏறும்போது கழற்றி இருக்கையில் வைத்த மேல்கோட்டின் பையில் கார்ச்சாவி இல்லை என்பதை மட்டும் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.